உம் கொட்டத் தெரிஞ்ச ஊரு: மெம்ஃபிஸ்ல அத்தையோட அஞ்சு நாள்

மே 1, வியாழன்

ஜனவரில நியூ ஜெர்சில இருந்து டென்னஸி ஸ்டேட்ல இருக்குற மெம்ஃபிஸுக்கு மூட்டை கட்டுனப்போ எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி "அங்க என்னடி இருக்கு"ன்றது தான். ஃபெடெக்ஸ் இருக்கு, மிசிசிப்பி ஆறு இருக்கு, பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வீடு இருக்கு, அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் தெரியாது. நாலு மாசமா ஆபீஸ், வீடு, காஸ்ட்கோ, இதே ரவுண்டு தான். இப்போ அத்தை வந்து மூணு வாரம் ஆச்சு, வீட்டுக்காரர் வேலை விஷயமா டல்லாஸ் போயிட்டார், எனக்கு லீவு மிச்சம் இருக்கு, சரி நாமளே ஊர சுத்துவோம், ம்யூசிக்குக்கு பேர் போன ஊருன்னு இவ்ளோ பீத்திக்கிறாங்களே அந்த ம்யூசிக் எங்க இருக்குன்னு பாத்துடுவோம்னு கெளம்பியாச்சு.

அத்தைய பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். 68 வயசு, நாப்பது வருஷமா பஜனை கோஷ்டில பாடுறவங்க, பாட்டு சுமாரா இருந்தா பொறுத்துப்பாங்க, தாளம் தப்புனா மட்டும் மூஞ்சி சுருங்கிடும். இத மனசுல வெச்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமை இதுல தான் கதையே மாறுது.

சாயந்திரம் பீல் ஸ்ட்ரீட். பார்க்கிங்குக்கே 20 டாலர் வாங்கிட்டான், அதுவும் நடந்து வர்றப்போ பக்கத்து லாட்டுல 10னு போர்டு பாத்தேன், வயிறு எரிஞ்சுது. தெரு முழுக்க நியான் லைட்டு, ஒவ்வொரு பார்ல இருந்தும் ஒவ்வொரு பேண்டு, வாசல்ல நின்னா மூணு பாட்டும் சேந்து காதுல விழுது. அத்தை சொன்னாங்க, "ஒரே தெருவுல மூணு கல்யாணம், மூணுக்கும் தனித்தனி மைக்செட்டு". தனித்தனியா கேட்டா நல்ல ப்ளூஸ் தான், கறுப்பின மக்களோட சோகப் பாட்டு, குறை சொல்லல, ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உக்காந்து கிடார் வாசிச்சார், அதுக்கு அஞ்சு நிமிஷம் நின்னோம். ஆனா கேக்குறவங்க எல்லாம் கைல பீர் கப்போட ஃபோன தூக்கி வீடியோ எடுத்துட்டு அடுத்த கடைக்கு நகந்துட்டே இருக்காங்க. ப்ளூஸோட தந்தைன்னு சொல்ற டபிள்யூ.சி. ஹாண்டி சிலை தான் அத்தைக்கு புடிச்சுது, "இவர் ஒருத்தர் தான்டி இங்க அமைதியா இருக்கார்"னாங்க.

ஒம்பது மணிக்கு தலைவலியோட வீடு திரும்புனா பக்கத்து வீட்டம்மா அவங்க வாசல் போர்ச்ல உக்காந்திருந்தாங்க. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவங்க, சர்ச் கொயர்ல, அதான் பாட்டுக் குழுல, 30 வருஷமா ஆல்டோ, அதாவது பொம்பளைங்க கீழ்க்குரல், பாடுறவங்க. இங்க வயசுல பெரியவங்கள பேரு மட்டும் சொல்லி கூப்புட மாட்டாங்க, முன்னாடி ஒரு "மிஸ்" சேத்துக்கணும், நம்ம "அக்கா" மாதிரி. எங்க போனீங்கன்னு கேட்டாங்க, சொன்னதும் சிரிச்சுட்டு, அது வெளியூர்க்காரங்களுக்கு, நீங்க இப்ப இந்த ஊர்க்காரங்க தானே, சனிக்கிழமை ரிகர்சலுக்கு வாங்க, ஞாயித்துக்கிழமை சர்வீஸுக்கு வாங்கன்னாங்க. நான் சும்மா இல்லாம, ஆல் க்ரீன் சர்ச்சுக்கு போலாம்னு இருந்தேனேன்னு சொன்னேன். அந்த சோல் பாடகர் (சோல்னா சர்ச் பாட்டும் ப்ளூஸும் கலந்த ம்யூசிக்) ஆல் க்ரீன் தான், பேர் புகழோட உச்சில இருந்தப்போ மதத்துப் பக்கம் திரும்பி 1976ல இந்த ஊர்ல, எல்விஸ் வீட்டுக்கு கொஞ்ச தூரத்துல ஒரு சர்ச்ச வாங்கி பாஸ்டர் ஆயிட்டவர், டூரிஸ்ட் எல்லாம் அங்க தான் போவாங்க. "போங்க, நல்லா இருக்கும், ஆனா அடுத்த வாரம் போங்க"ன்னு முடிச்சுட்டாங்க. அழைப்பு இல்ல, உத்தரவு.

மே 2, வெள்ளி

காலைல இருந்தே புழுக்கம். வெயில் கூட இல்ல, ஆனா ஈரத்துணிய போத்திக்கிட்டு நடக்குற மாதிரி இருந்துச்சு.

மெக்லெமோர் அவென்யூல இருக்குற ஸ்டாக்ஸ் மியூசியம். ஸ்டாக்ஸ்னா 60கள்ல சோல் ம்யூசிக் கொட்டுன ரெக்கார்டு கம்பெனி. பழைய சினிமா தியேட்டர ஸ்டுடியோவா மாத்திருந்தாங்க, தியேட்டர் தரை சரிவா இருக்கும்ல, அத அப்படியே விட்டுட்டாங்க, அந்த சரிவுக்குன்னு ஒரு தனி சவுண்டு வந்துச்சாம். கம்பெனி 1975ல திவால், கட்டடத்த 1989ல இடிச்சுட்டாங்க, அப்பறம் புத்தி வந்து அதே எடத்துல அதே மாதிரி கட்டி 2003ல மியூசியமா திறந்தாங்க. தரைச் சரிவையும் திரும்ப கட்டிருக்காங்க, அத்தை முட்டிக்கு அது ஆகல, அது வேற விஷயம்.

ஆனா எனக்கு ஆச்சரியம் என்னன்னா, உள்ள போனதும் மொதல்ல நிக்கிறது ஒரு சர்ச். படம் இல்ல, மாடல் இல்ல, நெசமான சர்ச். மிசிசிப்பி டெல்டால டங்கன்னு ஒரு ஊர்ல 1906 வாக்குல கட்டுன மரச் சர்ச்ச பலகை பலகையா பிரிச்சு கொண்டாந்து இங்க திரும்ப கோத்து வெச்சிருக்காங்க. சோல் ம்யூசிக் பாக்க வந்தவங்கள இது வழியா நடந்து தான் அந்தப்பக்கம் போ வைக்கிறாங்க. சின்னது தான், வழவழன்னு தேஞ்ச பெஞ்சு, எத்தன பேர் உக்காந்து எழுந்தாங்களோ. நான் போர்டு படிச்சுட்டு திரும்பி பாத்தா அத்தைய காணோம். வாசல்லயே நின்னு செருப்ப கழட்டிட்டு இருக்காங்க! அங்க நின்ன மியூசியம் ஆள், "மேம், அதெல்லாம் வேண்டாம் மேம்"னார், அத்தைக்கு இங்கிலீஷ் புரியும், ஆனா புரியாத மாதிரி அவர பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு வெறுங்காலோட உள்ள போய் ஒரு பெஞ்சுல ஓரமா உக்காந்துட்டாங்க. அவர் என்ன பாத்தார், நான் தோள தூக்குனேன், அவர் அப்பறம் அந்த செருப்ப யாரும் மிதிக்காம ஓரமா நகத்தி வெச்சார்.

அதுக்கப்பறம் ஸ்டாக்ஸ் பாடகர் ஐசக் ஹேஸோட தங்க முலாம் போட்ட கெடிலாக் காரு மேடைல சுத்திக்கிட்டு இருந்துச்சு, ஸ்டேபிள் சிங்கர்ஸ் பத்தி இருந்துச்சு, ஒரு அப்பாவும் அவரோட புள்ளைங்களும் சர்ச் சர்ச்சா பாடிட்டு இருந்துட்டு இங்க வந்து ரேடியோல ஹிட் குடுத்தவங்க. நல்லா இருந்துச்சு எல்லாம். ஆனா எனக்கு மனசுல நின்னது அந்த பெஞ்சு தான்.

மதியம் சாப்பாட்ட பத்தி சொல்லியே ஆகணும். அந்தப் பக்கத்துலயே ஒரு பழைய சோல் ஃபுட் கடை, கறுப்பின மக்களோட வீட்டுச் சாப்பாடு, பேரு வேண்டாம். அத்தை சுத்த சைவம், மெனுல "வெஜிடபிள் ப்ளேட், நாலு காய்"னு இருந்துச்சு, பிரச்சனையே இல்லன்னு நெனச்சேன். காய் லிஸ்ட்ட படிச்சா மேக் அண்ட் சீஸ் காய்கறி கணக்குல இருக்கு! சீஸ் போட்ட மக்ரோனி எந்த செடில காய்க்குதுன்னு தெரியல. சரின்னு மக்ரோனி, சக்கரவள்ளி, வெண்டைக்கா, கீரைன்னு சொன்னோம். கீரைய பாத்ததும் அத்தைக்கு சந்தோஷம், நாலு மாசமா... இல்ல, மூணு வாரமா கீரை சாப்புடலியேன்னு ஒரு வாய் போட்டு, "நல்லா புகை வாசனையா பண்ணிருக்காளே"ன்னாங்க. எனக்கு அப்பவே வயித்துல கரைச்சுது. பரிமாறுற அம்மாவ கேட்டா, "ஆமா பேபி, வான்கோழி கழுத்து போட்டு தான் காலைல இருந்து வேகுது, இல்லன்னா கீரைக்கு என்ன ருசி"ன்னு பாசமா சொல்றாங்க. அத்தை ஒண்ணும் சொல்லல, ஒரு டம்ளர் தண்ணிய முழுசா குடிச்சாங்க, கண்ண மூடி "பெருமாளே"ன்னாங்க, அவ்ளோ தான். விஷயம் தெரிஞ்சதும் அந்தம்மா பதறிப்போய் பீச் காப்ளர் ஒண்ணு கொண்டாந்து வெச்சு, இதுல வெறும் பழமும் வெண்ணெயும் மாவும் தான் ஹனி, நான் சத்தியமா சொல்றேன்னு நெஞ்சுல கை வெச்சாங்க, பில்லுலயும் போடல. பில்லு 27 டாலர் சொச்சம், அதுக்கு மேல 9.75 சதவீதம் டாக்ஸ். டென்னஸில சம்பளத்துக்கு ஸ்டேட் டாக்ஸ் இல்லன்னு குதிச்சுட்டு வந்தேன், அவன் சோத்துல புடுங்கிக்கிறான்.

அன்னில இருந்து எங்க போனாலும் காருல ஒரு டப்பா எலுமிச்சை சாதம்.

மே 3, சனி

மழை. சாதா மழை இல்ல, ஃபோன் ரெண்டு தடவ அலறி எச்சரிக்கை குடுத்த மழை. அந்த மழைல தான் லொரெய்ன் மோட்டலுக்கு போனோம். மார்ட்டின் லூதர் கிங்க சுட்ட எடம், இப்போ தேசிய சிவில் உரிமைகள் மியூசியம். அறை 306க்கு வெளில பால்கனில மலர் வளையம் தொங்குது, கீழ பழைய காலத்து காரு ரெண்டு நிக்குது, தூரத்துல இருந்து பாக்க ஏதோ இன்னிக்கும் ஆளுங்க தங்குற லாட்ஜ் மாதிரி சாதாரணமா இருக்கு, அது தான் ஒரு மாதிரி இருந்துச்சு.

உள்ள ஒரு பஸ்ஸு இருக்கு. அத்தை கால் வலின்னு ஏறி முன்னாடி சீட்டுல உக்காந்தாங்க, திடீர்னு ட்ரைவர் குரல் ஒண்ணு பின்னாடி போன்னு அதட்டுது. ரெக்கார்டிங் தான், கறுப்பின மக்கள பஸ்ல பின்னாடி உக்கார வெச்சத எதிர்த்து நடந்த மான்ட்கமரி பஸ் போராட்டத்த காட்ட வெச்சது. அத்தை பதறி எழுந்துட்டாங்க. எழுந்து ரெண்டு அடி வெச்ச அப்பறம் நின்னு, "நான் ஏன் எந்திரிக்கணும்"னு திரும்ப போய் அதே சீட்டுல உக்காந்துட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

கிங் ஏன் மெம்ஃபிஸ் வந்தார்னு எனக்கு இவ்ளோ நாள் தெரியாது, சொன்னா வெக்கமா இருக்கு. 1968 பிப்ரவரி 1ல மழை நாள்ல ரெண்டு துப்புரவு தொழிலாளிங்க குப்பை வண்டியோட பின்பக்கத்துல ஒதுங்குனப்போ மெஷின் ஓடி நசுங்கி செத்துட்டாங்க. அதுக்கப்பறம் 1,300 பேர் வேலை நிறுத்தம், "நானும் மனுஷன்"னு எழுதுன அட்டையோட ஊர்வலம். அவங்களுக்காக வந்தவர் தான் கிங். ஏப்ரல் 3 ராத்திரி இதே மாதிரி இடி மழை, அவருக்கு உடம்பு சரியில்ல, கூட்டத்துக்கு வரவே இல்லன்னு சொல்லி ரூம்லயே இருந்துட்டார், ஆனா மேசன் டெம்பிள்ல காத்திருக்குற ஜனங்க அவர தான் கேக்குறாங்கன்னு ஃபோன் வந்து கெளம்பிப் போனார். மேசன் டெம்பிள்ன்றது சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் சபையோட தலைமை சர்ச்சு. அங்க பேசுனது தான் அவரோட கடைசி பேச்சு.

அந்தப் பேச்ச அங்க கேட்டோம். நான் அவர் குரல தான் கேட்டுட்டு இருந்தேன். அத்தை கைய புடிச்சு, "அவர விடு, கீழ உக்காந்திருக்கிறவங்கள கேளு, உம் கொட்டுறாங்க பாரு"ன்னாங்க.

அதுக்கப்பறம் எனக்கு வேற ஒண்ணும் கேக்கல. அவர் ஒரு வரி சொல்லி நிறுத்துறார், நிறுத்துன எடத்துல ஜனங்க சொல்றாங்க, "யெஸ்", "ஆமென்", "ஆல்ரைட்", அவர் அத வாங்கிக்கிட்டு அடுத்த வரிய இன்னும் கொஞ்சம் மேல இருந்து எடுக்குறார். கதை சொல்றப்போ எதிர்ல இருக்குறவங்க உம் கொட்டலன்னா கதை சொல்ல வராது, பாட்டி பாதில நிறுத்திட்டு "தூங்கிட்டியாடி"ன்னு கேப்பாங்களே, அதே தான். இங்க ஆயிரக்கணக்கான பேர் உம் கொட்டுறாங்க.

அடுத்த நாள் சாயந்திரம் பால்கனில நின்னுக்கிட்டு கீழ இருந்த பென் பிராஞ்ச்ன்ற சாக்ஸஃபோன் கலைஞர்கிட்ட, இன்னிக்கு கூட்டத்துல "பிரெஷியஸ் லார்ட்"ன்ற சர்ச் பாட்ட வாசிங்க, ரொம்ப அழகா வாசிங்கன்னு கேட்டது தான் அவர் கடைசியா பேசுனது, அப்பறம் குண்டு. அந்தப் பாட்ட எழுதுனவர் தாமஸ் டார்சி. அதுக்கு முன்னாடி அவர் ப்ளூஸ் பியானோ வாசிச்சுட்டு இருந்த ஆள், ஜார்ஜியா டாம்னு பேரு. 1932ல பிரசவத்துல மனைவியும், கூடவே குழந்தையும் போயிட்டாங்க, அந்த துக்கத்துல எழுதுனது. கிங்கோட இறுதிச் சடங்குல சர்ச் பாட்டு பாடகி மஹாலியா ஜாக்சன் பாடுனதும் இதே பாட்டு தான். அத்தை கேட்டுட்டு, "நாளைக்கு இத பாடுவாங்களா"ன்னாங்க. தெரியலன்னேன்.

சாயந்திரம் அஞ்சு மணிக்கு ரிகர்சல். சாதா செங்கல் கட்டடம், உள்ள ஏசி நடுங்குது. கொயர்ல ஒரு இருபத்தஞ்சு பேர், வேலைல இருந்து நேரா வந்த யூனிஃபார்ம்லயே ரெண்டு பேர். யார் கையிலயும் பேப்பர் கிடையாது. டைரக்டர் முப்பது வயசு கூட இருக்காது, அவர் சொப்ரானோ வரிய, அதாவது பொம்பளைங்க மேல்குரல் வரிய, பாடி காட்டுறார், அவங்க திரும்ப பாடுறாங்க, அப்பறம் ஆல்டோ, அப்பறம் ஆம்பளைங்களுக்கு டெனர், மூணே பார்ட்டு, அப்பறம் சேத்து பாடுனா ரூம் நெறஞ்சுடுது. பத்து நிமிஷத்துல ஒரு பாட்டு தயார். அத்தை காதுல சொன்னாங்க, "பாடாந்தரம்டி இது, வாய்ல இருந்து வாய்க்கு". ஆல்டோல யாரோ ஒருத்தர் சுருதி கீழ போறாங்கன்னு டைரக்டர் நிறுத்திட்டார், யாருன்னு சொல்லல, ஆனா எல்லாரும் நம்ம பக்கத்து வீட்டம்மாவ தவிர மத்த எல்லாரையும் பாத்தாங்க.

ஓரத்துல ஹாமண்ட் பி-3 ஆர்கன். வாசிக்கிறவர் ப்ரேக்ல எனக்கு காட்டுனார், 1954ல இருந்து 1974 வரைக்கும் தான் இத செஞ்சாங்களாம், இப்பவும் சர்ச்சுங்க இத தேடி அலையுதாம். ஆரம்பத்துல பைப் ஆர்கன் வாங்க காசில்லாத சர்ச்சுக்காகன்னு ஹாமண்ட் வித்த பொருள் தான். பக்கத்துல பீரோ சைஸ்ல ஒரு மரப்பெட்டி, லெஸ்லி ஸ்பீக்கர், உள்ள எட்டிப் பாத்தா குழல் மாதிரி ஒண்ணு நெசமாவே சுத்துது. ஒரு சுவிட்ச தட்டுனார், மெதுவா சுத்திட்டு இருந்தது வேகம் எடுத்துச்சு, அசையாம நின்ன சத்தம் நடுங்க ஆரம்பிச்சுது, தொண்டை அடைச்ச குரல் மாதிரி. எனக்கு கை முடி நின்னுடுச்சு, வெறும் ஒரே ஒரு சுரம் தான் புடிச்சார்.

மே 4, ஞாயிறு

இது பெருசா போகும், மன்னிக்கணும்.

சர்வீஸ் 11க்கு. காருல வழியெல்லாம் டபிள்யூடிஐஏ, ஏஎம் 1070. 1940களோட கடைசில கறுப்பின மக்களுக்காகவே முழு நிகழ்ச்சியும் நடத்துன முதல் ஸ்டேஷன், ப்ளூஸ் கிடார் கலைஞர் பி.பி. கிங் எல்லாம் அங்க அறிவிப்பாளரா இருந்திருக்கார். நான் சுடிதார், அத்தை வெள்ளைல நீலக்கரை போட்ட புடவை, சும்மா வெயிலுக்கு நல்லதுன்னு கட்டுனது. போய் பாத்தா பெரியம்மாங்க எல்லாரும் தலைல இருந்து கால் வரைக்கும் வெள்ளை! மாசத்தோட முதல் ஞாயிறு, கம்யூனியன் நாள், அப்பமும் திராட்சை ரசமும் குடுக்குற நாள், அன்னிக்கு சபையோட மூத்த தாய்மாருங்க வெள்ளை தான் போடுவாங்களாம். வாசல்ல வெள்ளை கையுறை போட்ட அஷர், அதாவது வர்றவங்கள கூட்டிப் போய் உக்கார வைக்கிறவங்க, ஒரு கை முதுகுக்கு பின்னாடி மடக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறவங்க, அத்தைய ஏற இறங்க பாத்துட்டு "குட் மார்னிங், மதர்"னு சொல்லி நேரா ரெண்டாவது வரிசைல அந்த வெள்ளை தாய்மாருங்க நடுவுல கொண்டு போய் உக்கார வெச்சுட்டாங்க. நான் பின்னாடியே ஓடுனேன்.

கைக்கு ஒரு விசிறி. ஐஸ்க்ரீம் குச்சி மாதிரி பெரிய குச்சில ஒட்டுன அட்டை, ஒரு பக்கம் கிங் படம், மறு பக்கம் ஒரு சவ அடக்க நிறுவனத்தோட விளம்பரம், ஃபோன் நம்பரோட. காத்தும் ஆச்சு, நினைவூட்டலும் ஆச்சு.

மொதல்ல கொயர் பாடுவாங்கன்னு பாத்தா இல்ல. சபை வேலைய பாத்துக்குற ரெண்டு வயசான டீக்கன்கள் முன்னாடி வந்து நின்னாங்க, ஒருத்தர் ஒரு வரிய வேகமா, கிட்டத்தட்ட பேசுற மாதிரி சொன்னார், அப்பறம் மொத்த சபையும் அந்த வரிய எடுத்து இழுக்குது பாருங்க, ஒரு எழுத்துக்கு பத்து வளைவு, தாளமே இல்ல, ஆர்கன் இல்ல, ட்ரம்ஸ் இல்ல. இதுக்கு டாக்டர் வாட்ஸ் பாட்டுன்னு பேராம், இங்கிலாந்து பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் பேர்ல, அவர் எழுதாததுக்கும் அதே பேரு தான். புஸ்தகம் இல்லாத, படிக்கத் தெரியாத காலத்துல ஒருத்தர் சொல்லி மத்தவங்க பாடுன பழக்கம். எனக்கு ஏதோ ஒப்பாரி வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி அடிவயித்துல இருந்து கெளம்புச்சு. அத்தை அசையவே இல்ல. "விருத்தம்"னு மட்டும் சொன்னாங்க.

அப்பறம் கொயர் ஆடி அசைஞ்சு உள்ள வந்துது, கண்ணாடித் தடுப்புக்குள்ள பன்னெண்டு வயசு பையன் ஒருத்தன் ட்ரம்ஸ்ல உக்காந்தான், நேத்து கேட்ட பாட்டு தான், ஆனா நேத்து அது எலும்புக்கூடு, இன்னிக்கு தான் உசிரு வந்துச்சு. எல்லாரும் எழுந்து கை தட்டுறாங்க. அத்தையும் எழுந்தாங்க. சும்மா நிப்பாங்களா, தட்ட ஆரம்பிச்சாங்க, ஆதி தாளத்துல நல்லா அழுத்தமா ஒண்ணுல விழுற மாதிரி. மொத்த சர்ச்சும் ரெண்டுலயும் நாலுலயும் தட்டுது, அத்தை மட்டும் தனியா ஒண்ணுல, டப்! டப்! அந்த வரிசையே கேட்டுச்சு. எனக்கு தரைக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

அத்தைக்கு பக்கத்துல ஒரு பாட்டி, எண்பது தாண்டியிருக்கும், வெள்ளைத் தொப்பி. பாட்ட நிறுத்தல, திரும்பிக் கூட பாக்கல, அப்படியே கைய நீட்டி அத்தையோட மணிக்கட்ட புடிச்சாங்க. ஒண்ணுல புடிச்சு வெச்சாங்க. ரெண்டுல விட்டாங்க. மூணுல புடிச்சாங்க. நாலுல விட்டாங்க. நாலஞ்சு சுத்து இப்படி. அப்பறம் கைய எடுத்துட்டாங்க, அத்தை தானா ரெண்டுல தட்டுறாங்க, கண்ண அகல விரிச்சுக்கிட்டு என்ன பாத்து, "எதிர்ல தட்டுறாங்கடி, எதிர்ல! அதான் பாட்டு முன்னாடி தள்ளிக்கிட்டே போகுது"ன்னாங்க. நாப்பது வருஷ தாளம், நாலு சுத்துல. அந்தப் பாட்டி பர்ஸ திறந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய எடுத்து அத்தை உள்ளங்கைல வெச்சு மூடுனாங்க, பரிசு மாதிரி.

புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்கன்னு மைக்ல சொன்னாங்க, இது எனக்கு யாரும் சொல்லி வைக்கல. புடவைல வேற யாரும் இல்ல, ஒளியவும் முடியாது. எழுந்து எங்க பேர சொல்லி, பக்கத்து வீட்டம்மா அழைச்சாங்கன்னு உளறுனேன், மொத்த சபையும் "வெல்கம்"னு கத்தி, முன்னாடி பின்னாடி பத்து பேராவது வந்து கட்டிப் புடிச்சாங்க. காணிக்கைக்கு எல்லாரும் வரிசையா எழுந்து முன்னாடி நடந்து போய் போட்டுட்டு வரணும், நான் 20 டாலர் போட்டேன், அப்பறம் ரெண்டாவது காணிக்கைன்னாங்க, பர்ஸ்ல இருந்தது ஒரு டாலரும் காஸ்ட்கோ கார்டும். ஒரு டாலர மடிச்சு போட்டேன், யாரும் பாக்கல, ஆனா எனக்கு தெரியுமே.

பிரசங்கம் ஆரம்பத்துல சாதாரணமா, கொஞ்சம் வழவழன்னு கூட இருந்துச்சு. பின்னாடி ஒரு அம்மா அமைதியா "ஹெல்ப் ஹிம், லார்ட்"னு சொன்னாங்க. நான் பக்தின்னு நெனச்சேன். அப்பறம் தான் தெரிஞ்சுது, பாஸ்டர் தடுமாறுறப்போ சபை அப்படி தான் சொல்லுமாம், "கடவுளே இவனுக்கு உதவி பண்ணு"! நல்லா போனா "டேக் யுவர் டைம்", இன்னும் நல்லா போனா "சே தட்!". ஆக உம் கொட்டுறதுலயே மார்க்கும் போடுறாங்க. கொஞ்சம் கொஞ்சமா அவர் சூடு புடிச்சார், வாக்கியம் சின்னதாச்சு, மூச்சு சத்தமாச்சு, ஒவ்வொரு வரி முடியிறப்பவும் அந்த பி-3 ஆர்கன் ஒரு பதில் சொல்லுது, எப்ப பேச்சு நின்னு பாட்டாச்சுன்னு எனக்கு சத்தியமா தெரியல. நான் வாய மூடிக்கிட்டு, கைய மடில வெச்சுக்கிட்டு கச்சேரி கேக்குற மாதிரி உக்காந்திருந்தேன். அந்தப் பாட்டி குனிஞ்சு என்ன பாத்து, உனக்கு புடிக்கலியா பேபின்னு கேட்டாங்க. புடிச்சிருக்குன்னேன். "அப்ப அவர்கிட்ட சொல்லு"ன்னாங்க.

சொன்னேன். "யெஸ்"னு, எலி மாதிரி. அடுத்த தடவ கொஞ்சம் சத்தமா. எங்க வீட்டுல யாரும் நம்ப மாட்டாங்க.

அதுக்கப்பறம் ட்ரம்ஸ் பையன் வேகத்த ஏத்திட்டான், தாளம் ரெட்டிப்பாச்சு, எங்களுக்கு முன்னாடி வரிசைல ஒரு பொண்ணு, என் வயசு இருக்கும், குதிக்க ஆரம்பிச்சா, கண்ணு மூடிருக்கு, கண்ணீர் கொட்டுது. நான் பயந்துட்டேன். மூணு அஷர் அம்மாங்க வந்து அவள சுத்தி கைகோத்து வளையமா நின்னாங்க, புடிக்கல, தடுக்கல, விழாம மட்டும் பாத்துக்கிட்டாங்க. ஒருத்தர் அந்த ஆட்டத்துக்கு நடுவுலயும் அவ மூக்குக்கண்ணாடிய பதமா கழட்டி, ரெண்டு காத மடிச்சு, தன் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டாங்க. அத்தை பதறவே இல்ல, "சாமி வந்திருக்கு, கொஞ்ச நேரத்துல எறங்கிடும்"னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு எதிர்த் தாளத்துல தட்டிக்கிட்டு இருந்தாங்க. பத்து நிமிஷம் கழிச்சு அந்தப் பொண்ணு உக்காந்தா, கண்ணாடி திரும்ப வந்துச்சு, தண்ணி வந்துச்சு, யாரும் அவள ஒரு மாதிரி பாக்கல.

கம்யூனியன் வந்தப்போ அத்தை தயங்குனாங்க. பக்கத்து வீட்டம்மா கொயர்ல இருந்தே பாத்து வேண்டாம்னா பரவாயில்லன்னு சைகை காட்டுனாங்க, நாங்க கைய கூப்பிக்கிட்டு உக்காந்துட்டோம், தட்டு எங்கள தாண்டி போச்சு, ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

"பிரெஷியஸ் லார்ட்" பாடவே இல்ல. அத்தை கடைசி வரைக்கும் காத்துட்டு இருந்தாங்க.

முடியிறப்போ மணி 1:50. கீழ ஹால்ல சாப்பாடு, பொரிச்ச கேட்ஃபிஷ் மீனும் பக்கத்துலயே ஸ்பெகட்டியும், இது தான் இந்த ஊர் ஜோடியாம், யார் கண்டுபுடிச்சாங்களோ, ஆனா ஒத்துப் போகுது, நான் ரெண்டு தடவ வாங்குனேன். அத்தை காருல இருந்து எலுமிச்சை சாத டப்பாவ எடுத்துட்டு வந்தாங்க, அந்தத் தொப்பி பாட்டி ஒரு ஸ்பூன் கேட்டு சாப்டுட்டு, இதுல என்ன நட்ஸுன்னு கேட்டாங்க. வேர்க்கடலைன்னதும் முகம் மலந்துடுச்சு. டப்பா காலி, அத்தைக்கு கடைசில வெறும் சோளமும் ரெண்டு பெப்பர்மின்ட்டும் தான். ஆனா ஒரு வார்த்தை குறை சொல்லல, அது தான் அதிசயம்.

பாத்திரம் கழுவுற எடத்துல பக்கத்து வீட்டம்மா மிச்ச கேக்குக்கு ஃபாயில் மடிச்சுட்டு இருந்தாங்க. நேத்து லொரெய்ன் போனோம்னு சொன்னேன். அவங்களுக்கு அப்ப ஏழு வயசாம். ஏப்ரல் 3 ராத்திரி அடிச்ச இடி ஞாபகம் இருக்கு, அம்மா எல்லா ஜன்னலையும் சாத்துனாங்க, அப்பா மட்டும் அந்த மழைல டெம்பிளுக்கு போனார்னாங்க. அடுத்த நாள பத்தி ஒண்ணும் சொல்லல. ஃபாயில் ஓரத்த விரலால அழுத்தி அழுத்தி ஒட்டிக்கிட்டே வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்தாங்க, வார்த்தை இல்லாம, மெதுவா. அத்தைக்கு அந்தப் பாட்டு தெரியாது, முந்தின நாள் பேரு மட்டும் தான் கேட்டாங்க. ஆனா கைல இருந்த தட்ட சத்தம் வராம கீழ வெச்சுட்டு நின்னாங்க, நடுநடுவுல அந்தம்மா மூச்சு வாங்குற எடத்துல எல்லாம் மெல்ல, "உம்"... "உம்"...

மே 5, திங்கள்

தொண்டை கட்டிப் போச்சு. உள்ளங்கை ரெண்டும் சிவந்து கெடக்கு. அத்தைக்கு முட்டி வீங்கி தைலம் தடவி கால நீட்டிக்கிட்டு சோபால இருக்காங்க, வெளில மறுபடி மழை. நான் வீட்டுல இருந்து வேலை, காலைல இருந்து மீட்டிங் மேல மீட்டிங்.

அத்தை ஃபோன்ல பஜனை கோஷ்டி மாமி கிட்ட நேத்து கதைய சொல்றாங்க. கேட்ஃபிஷ்ஷ விட்டுட்டாங்க, கண்ணாடி மடிச்சத சொன்னாங்க, மணிக்கட்ட புடிச்சத மூணு தடவ சொன்னாங்க. "ஒண்ணுல புடிச்சுண்டா, ரெண்டுல விட்டா, புரியறதா? கையே பேசறதுடி... ஏன்டி, இருக்கியா? பேச்சையே காணோமே, நான் பாட்டுக்கு சொல்லிண்டே இருக்கேன், உம் கொட்டேன்!"

"உம்"னு வந்துச்சு. என் வாய்ல இருந்து. மைக் ஆன்ல இருந்திருக்கு.

க்வார்ட்டர் நம்பர்ஸ் படிச்சுட்டு இருந்த மேனேஜர் நிறுத்திட்டு, "ஸாரி, ஏதாவது சொன்னீங்களா?"ன்னார்.